மொரிசியஸ் கடற்கரை விடுதிக்கு முதல் நெடும்பயணம்: மாதம், கரை, விமானம், அறை – ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் ஆகஸ்ட் மாதத்தில் மொரிசியஸின் கிழக்குக் கரையில் ஐந்து இரவுகளுக்கு அறை எடுத்தபோது, அந்த விலைக்கு அப்படிப்பட்ட விடுதி எப்படிக் கிடைக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. போய் இறங்கிய மறுநாள் காலையில் புரிந்தது. கடற்கரைக் குடைகளில் பெரும்பாலானவற்றை ஊழியர்கள் விரிக்கவே இல்லை; விரித்த ஒன்றிரண்டையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மணல் கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தியது. தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்திருந்த காகிதத் துண்டு பறந்துபோய் நீச்சல் குளத்தில் விழுந்தது. விடுதியினர் வெளியிட்டிருந்த படங்கள் எல்லாம் உண்மையானவைதாம். படத்தில் காற்று தெரியாது, அவ்வளவுதான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, முதல் முறையாகத் தீவுப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் மாதம், அடுத்து கரை, அவை இரண்டும் முடிவான பிறகே விமானமும் விடுதியும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்தைப் பார்த்து விடுதியைப் பிடித்துவிட்டு, பிறகு அதற்கேற்ற விடுமுறையைத் தேடுகிறார்கள்.

மொரிசியஸ் மடகாஸ்கருக்குக் கிழக்கே, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 20 பாகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர் அளவுதான். இவ்வளவு சிறிய தீவில் எங்கே தங்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நடுவில் மேட்டுநிலமும் மலைகளும் இருப்பதால், ஒரே நாளில் ஒரு கரையில் காற்றும் தூறலுமாகவும் எதிர்க்கரையில் வெயிலும் அசையாத நீருமாகவும் இருப்பது அங்கே சாதாரணம்.

முதற்படி: மாதத்தை முடிவு செய்தல்

தென்கோளம் என்பதால் பருவங்கள் நமக்கு நேர்மாறானவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. வெப்பமும் புழுக்கமும் மழையும் சேர்ந்து வரும். மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். மழை குறைவு, காற்று அதிகம். புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீள்கிறது என்றாலும், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களே முக்கியமானவை. அங்கே புயல் எச்சரிக்கை நான்கு நிலைகளாக அறிவிக்கப்படுகிறது. மூன்றாம் நிலை வந்துவிட்டால் பேருந்துகள் நின்றுவிடும், கடைகள் அடைக்கப்படும், விமானங்களும் நிறுத்தப்படும். விடுதிகள் இதற்குப் பழகியவை. விருந்தினரை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கு அவர்களிடம் உண்டு. உண்மையான தொல்லை, திரும்பும் விமானம் தள்ளிப்போவதுதான். அலுவலகத்தில் இரண்டு நாள் கூடுதல் விடுப்பு வாங்க முடியாதவர்கள் இந்த மூன்று மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புயல் இல்லை; ஆனால் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று விடாமல் வீசும். கடல்நீரின் வெப்பம் 22 அல்லது 23 டிகிரிக்கு இறங்கும். ஐரோப்பியருக்கு அது இதமான நீர். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு முதல் முழுக்கிலேயே பல் கிட்டும். டிசம்பர் கடைசி இரண்டு வாரங்களில் ஐரோப்பியக் கூட்டத்தால் விலை உச்சத்தில் நிற்கும்.

மீதி இருப்பவற்றில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பொருந்துவது மே மாதம். முழுஆண்டு விடுமுறை, தணிந்த வெயில், கோடையின் சூட்டை இன்னும் வைத்திருக்கும் கடல், காற்று முழு வேகம் எடுக்காத நாட்கள் எல்லாம் ஒன்றாகக் கூடுவது அப்போதுதான். அடுத்த நல்ல காலம் அக்டோபரும் நவம்பர் தொடக்கமும். தீபாவளி அங்கேயும் அரசு விடுமுறை என்பது கூடுதல் செய்தி.

இரண்டாம் படி: கரையைத் தேர்ந்தெடுத்தல்

இந்த ஒரு முடிவு சரியாக அமைந்தால், விடுதியில் இருக்கும் சிறு குறைகள் கண்ணில் படாது. இது தவறினால் எவ்வளவு உயர்ந்த விடுதியும் ஈடுசெய்யாது.

தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளத்திட்டு வேலிபோல் அமைந்திருக்கிறது. ஆழ்கடல் அலை அதில் மோதி உடைந்துவிடுவதால், திட்டுக்கும் கரைக்கும் இடையே ஆழமற்ற, அமைதியான நீர்ப்பரப்பு கிடைக்கிறது. குழந்தைகளை நம்பி இறக்கக்கூடிய இந்தக் காயல்தான் மொரிசியஸின் பெருஞ்செல்வம். ஆனால் அலையைத் தடுக்கும் திட்டு காற்றைத் தடுப்பதில்லை.

கிழக்குக் கரையில் பெல் மார், த்ரூ தோ தூஸ் பகுதிகள் உள்ளன. நீண்ட வெண்மணலும் பெரிய வளாகங்களும் கொண்ட இந்தக் கரை, காற்றுக்கு நேராக முகம் காட்டி நிற்கிறது. அக்டோபர் முதல் மே வரை இதற்கு நிகரில்லை. ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை இங்கே அறை எடுப்பவர்கள், தாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். வடக்கில் க்ராண்ட் பே, பெரேபேர், த்ரூ ஓ பீஷ், மோன் ஷுவாசி ஆகியவை வரிசையாக வருகின்றன. கடைவீதி, உணவகம், படகுத்துறை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். விடுதிக்குள்ளேயே அடைந்து கிடக்க விரும்பாதவர்களுக்கு ஏற்ற இடம். முதல் பயணம் என்றால் த்ரூ ஓ பீஷையே நான் சொல்வேன். வடமேற்கு முகமாக இருப்பதால் காற்று தணிவு, நீர் தெளிவு, மாலையில் கடலில் விழும் சூரியன் என மூன்றும் அங்கே கிடைக்கின்றன. மேற்கில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் வறண்ட, வெயில் மிகுந்த கரை. மழையைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்குப் பாதுகாப்பானது. தென்மேற்கு முனையில் லெ மோர்ன் மலையடிவாரம் அழகின் உச்சம், ஆனால் காற்றுச் சறுக்கு விளையாடுவோர் உலகெங்கிலுமிருந்து அங்கே ஏன் கூடுகிறார்கள் என்பதை யோசித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். தெற்கே சூயாக் அருகில் க்ரி க்ரி என்னுமிடத்தில் திட்டு அறுந்துவிடுகிறது. இந்தியப் பெருங்கடல் நேராக வந்து பாறையில் அறைவதைப் பார்த்துவிட்டு வரலாம், இறங்கக் கூடாது.

விமான நிலையம் தென்கிழக்கில், மாஎபூர் ஊருக்கு அருகே இருக்கிறது. அங்கிருந்து க்ராண்ட் பே செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெல் மாருக்கு முக்கால் மணி நேரம் போதும்.

இடையில் ஒன்று. வீட்டுக்கு இடம் பார்ப்பதுபோல் அறையின் திசையையும் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அம்மாதங்களில் வடக்குப் பார்த்த பால்கனிக்கு வெயில் வரும். தெற்குப் பார்த்த நீச்சல் குளம் கட்டட நிழலிலேயே கிடக்கும்.

மூன்றாம் படி: பாஸ்போர்ட்டும் பெயரும்

இந்தியர்கள் சுற்றுலாவுக்குச் செல்ல முன்கூட்டி விசா பெறத் தேவையில்லை. 60 நாட்கள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் தங்கும் காலம் முழுவதும் செல்லுபடியாக வேண்டும் என்பதே அந்நாட்டின் விதி என்றாலும், ஆறு மாதம் மீதமிருப்பது விமான நிறுவன முகப்பில் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியலில் இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற வழக்கம் நமக்கு இல்லாததால், பலருடைய பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது தந்தையின் பெயர் விரிவாக இருக்கும். பயணச்சீட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். ஆதாரில் இருக்கும் ஒற்றை எழுத்தை நினைவிலிருந்து அடித்துவிடக் கூடாது. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்கள், துபாய் வழியாகச் சென்று அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வர எண்ணினால், பணம் கட்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒற்றைப் பெயருக்குச் சுற்றுலா விசா தருவதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

நான்காம் படி: விமானம்

மும்பையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் ஆறு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து துபாய் வழியாகச் சென்றால் முதலில் நான்கு மணி நேரம், பிறகு ஆறரை மணி நேரம், இடையில் காத்திருப்பு. நேரடி விமானங்களின் கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், தேதியை இறுக்கிப் பிடிக்காமல் முன்பின் மூன்று நாட்களுக்கு விலையைப் பார்க்க வேண்டும்.

மும்பையில் மாறுகிறவர்கள் சென்னை – மும்பை, மும்பை – மொரிசியஸ் இரண்டையும் ஒரே பயணச்சீட்டில் எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நீங்களே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டு விமானம் முதல் முனையத்தில் இறங்கினால், பன்னாட்டு விமானங்கள் புறப்படும் இரண்டாம் முனையத்துக்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். மழைக்காலத்து மும்பைச் சாலையைக் கணக்கில் வைத்தால் நான்கு மணி நேர இடைவெளி அதிகம் அல்ல.

நைரோபி, அடிஸ் அபாபா போன்ற ஆப்பிரிக்க நகரங்கள் வழியாகவும் சில நேரம் மலிவான சீட்டு காட்டப்படும். அந்நாடுகள் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை. அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே சென்று தங்கிவிட்டு இந்தியா திரும்புகிறவரிடம் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்; இல்லையென்றால் தனிமைப்படுத்தும் அதிகாரம் இந்திய அதிகாரிகளுக்கு உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும்.

சைவ உணவு வேண்டுவோர் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். பட்டியலில் ‘இந்து உணவு’ என்று இருப்பதைப் பார்த்து அதைச் சைவம் என்று எண்ணித் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம். அது மாட்டிறைச்சி இல்லாத உணவு என்றுதான் பொருள். கோழியோ ஆட்டிறைச்சியோ வரும். நமக்குத் தேவையானது ‘ஆசிய சைவ உணவு’.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. வயதானவர்களுக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கையை எடுத்துக் கொடுத்து, தூங்காத நேரங்களில் மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான், அவர்கள் நமக்குப் பின்னால். உடல் அதை உணரவே உணராது.

ஐந்தாம் படி: அறையும் உணவுத் திட்டமும்

இங்கே பணம் சத்தமில்லாமல் கரையும். அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள், அங்கே போனபின் ஒவ்வொரு இரவு உணவுக்கும் தனியாகக் கொடுத்து மொத்தத்தில் தோற்கிறார்கள். கடைவீதிக்கு அருகில் தங்குகிறவர்களுக்குக் காலை உணவு மட்டும் சேர்ந்த அறை போதும். கிழக்கிலும் லெ மோர்னிலும் வெளியே சாப்பிட டாக்சி பிடிக்க வேண்டியிருப்பதால், காலையும் இரவும் சேர்ந்த ‘ஹாஃப் போர்டு’ திட்டமே பொருத்தமானது. எல்லாம் உள்ளடங்கிய ‘ஆல் இன்க்ளூசிவ்’ திட்டத்தின் கூடுதல் விலையில் பெரும்பங்கு மதுவுக்கானது. மது அருந்தாத, பகலில் ஊர் சுற்றக் கிளம்பிவிடும் குடும்பம் அதற்குப் பணம் கட்டுவது, விருந்துக்கு மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வருவதுபோல.

பதிவு செய்யும் முன் விடுதிக்கு மின்னஞ்சல் எழுதிச் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கடல் தெரியும் அறையா, கடற்கரையைத் தொட்ட அறையா? எந்த வயது வரை குழந்தைக்குக் கட்டணமில்லை? கயாக், முக்குளிக் கண்ணாடி, கண்ணாடி அடித்தளப் படகு ஆகியவை கட்டணத்தில் அடக்கமா? (பல விடுதிகளில் மோட்டார் இல்லாத விளையாட்டுகள் இலவசம், மோட்டார் வைத்தவற்றுக்குத் தனிப் பணம்.) இரவு உணவில் சைவத்துக்குத் தனிப் பதார்த்தம் உண்டா, அல்லது சாலட்டும் பாஸ்தாவும்தானா? நீங்கள் செல்லும் மாதத்தில் கடற்கரையில் காற்று எப்படி? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் விடுதியை நம்பலாம்.

2025 அக்டோபர் முதல், 12 வயது நிரம்பிய ஒவ்வொரு சுற்றுலாப் பயணிக்கும் இரவுக்கு 3 யூரோ கட்டணத்தை அந்நாட்டு அரசு வசூலிக்கிறது. சொல்லப்பட்ட விலையில் அது அடக்கமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: பணம்

அவர்களுடைய நாணயமும் ரூபாய்தான், ஆனால் நம்முடையதைவிட மதிப்புக் கூடியது. ‘ஐந்நூறு ரூபாய்தானே’ என்று பணத்தை எடுத்து நீட்டும் முன் மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் தாளைக் கையில் வாங்கியதும் உற்றுப் பாருங்கள். அதன் மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். 1998இல் புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்து எழ, அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசைக்கே வந்தது.

2024 பிப்ரவரி முதல் அங்கே யூபிஐ மூலம் பணம் செலுத்த வழி உண்டு. கிளம்பும் முன் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிடுங்கள். ஆனாலும் தெருக்கடைக்கும் டாக்சிக்கும் ரொக்கம்தான். இந்தியப் பயண முகவரிடம் முழுத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) என்று ஒரு தொகையைச் சேர்த்துப் பிடிப்பார்கள். அது செலவு அல்ல. வருமான வரித் தாக்கலில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: பெட்டி

அங்குள்ள மின்செருகிகள் பெரும்பாலும் தட்டையான மூன்று முனை கொண்ட பிரிட்டிஷ் வகை. நம் உருண்டை முனைகள் நுழையா. மாற்றி ஒன்றும், ஊரிலிருந்தே ஒரு நீட்டிப்புப் பெட்டியும் கொண்டுபோனால் குடும்பம் முழுவதற்கும் போதும். ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி கட்டாயம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். வழக்கமான மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, மனநல மருந்து போன்றவற்றில் அவர்கள் கண்டிப்பானவர்கள். கறிவேப்பிலை, பழம், பூ, விதை எதையும் அறிவிக்காமல் கொண்டுபோக முடியாது. மின்சிகரெட்டுக்குத் தடை உண்டு. டெங்கு, சிக்குன்குன்யா இரண்டும் அங்கே தலைகாட்டியிருப்பதால் கொசு விரட்டியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: இறங்கும்போதும் அதற்குப் பின்னும்

கிளம்பும் முன் மொரிசியஸ் அரசின் மின்னணுப் பயணப் படிவத்தை நிரப்பி, அதில் வரும் குறியீட்டைக் கைபேசியில் சேமித்துக்கொள்ள வேண்டும். விசா இல்லை என்பதற்குக் கேள்வி இல்லை என்று பொருளல்ல. திரும்பும் பயணச்சீட்டு, விடுதி உறுதிக்கடிதம், நாளொன்றுக்கு 100 டாலர் என்ற கணக்கில் கையிருப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். அச்சிட்ட பிரதி ஒன்று இருந்தால் வரிசையில் நின்று மின்கலம் தீர்ந்த கைபேசியோடு போராட வேண்டியதில்லை.

முதல் நாளுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். இரண்டாம் நாள் கடலில் இறங்கும் முன், பவளத்திட்டில் இடைவெளி எங்கே இருக்கிறது என்று படகுக்காரரிடம் கேளுங்கள். காயலின் நீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வெளியே இழுக்கப்படும், அதன் பக்கம் நீந்தக் கூடாது. கடல் முள்ளெலியும் கல்மீனும் அடியில் கிடக்கும் என்பதால்தான் காலணி. கல்மீன் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்திக்கொண்டே மருத்துவ உதவிக்கு 114ஐ அழைக்க வேண்டும்.

மொரிசியஸில் கடற்கரை எல்லாம் பொதுச் சொத்து. உங்கள் கரையில் காற்று என்றால் வேறு கரையில் போய் உட்காரலாம். எந்த விடுதியும் மணலில் நடப்பதைத் தடுக்க முடியாது. என்னுடைய ஆகஸ்ட் பயணத்தைக் காப்பாற்றியது இதுதான். டாக்சிக்காரருடன் முழுநாள் வாடகையை முதலிலேயே பேசி முடித்துக்கொண்டு, மூன்று நாட்களை மேற்கிலும் வடக்கிலும் கழித்தேன். சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால், கார் எடுத்து ஓட்டுவதும் நமக்குச் சிரமமில்லை.

வெளியே செல்லும் நாட்களில் ஷமரெலின் ஏழுநிற மண்ணுக்கும் கங்கா தலாவ் ஏரிக்கும் ஒரு நாள், தலைநகர் போர்ட் லூயிஸுக்கு ஒரு நாள் வைக்கலாம். 1834 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறைமுகப் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது. 2006இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு அது. ஆயினும் கோயிலில் தமிழில் பேசினால் அந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் பதில் வரலாம். சொல் மறைந்த இடங்களில் சமையல் மிஞ்சியிருக்கிறது. தெருவோரக் கண்ணாடிப் பெட்டியில் ‘கதோ பிமான்’ என்று விற்பதை வாங்கிக் கடித்துப் பாருங்கள். கடலைப்பருப்பு கரகரப்பாக அரைபட்டு, பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும் கலந்து, உருண்டையாக எண்ணெயில் பொரிந்தது. நம்முடைய பருப்பு வடைதான், அவர்கள் அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். ‘ப்ரெட் மூரூம்’ முருங்கைக்கீரை. ‘ரசோன்’ என்றால் ரசம்.

ஒன்பதாம் படி: திரும்பும் நாள்

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை பதினொன்றோ பன்னிரண்டோ. விமானம் மாலையிலோ இரவிலோ இருக்கும். பெட்டியை வைத்துவிட்டுக் குளித்து உடை மாற்றிக்கொள்ள விருந்தினர் அறை உண்டா என்று முதல் நாளே கேட்டு வைத்தால், ஈர உடையோடு விமானம் ஏற வேண்டியிராது. வடக்குக் கரையிலிருந்து கிளம்புகிறவர்கள், போர்ட் லூயிஸ் வழியாகச் செல்லும் சாலை காலையிலும் மாலையிலும் நெரியும் என்பதால், விமான நேரத்துக்கு நான்கரை மணி நேரம் முன்பே விடுதியை விட்டுப் புறப்பட வேண்டும். குழந்தைகளின் பைகளை அதற்கு முன் ஒரு முறை கொட்டிப் பாருங்கள்: கரையில் பொறுக்கிய சிப்பியையும் பவளத் துண்டையும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.